அத்தைக்கு ஸ்டெம் செல் ஊசி போடலாமா?

(அறிவியல் பகுதி – எழுதியவர்: பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் பிரிவு மாணவி)



இந்த முறை அறிவியல் பகுதி கொஞ்சம் நீளம்தான். நாலு சார்ட் ஆகிவிட்டது. மணி அடித்துவிட்டால் மீதியை மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து படியுங்கள். சுவர் எங்கேயும் போகாது.

என் அத்தை ஒரு தையல்காரர். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தது அவர்தான். அளவு நோட்டைத் திறக்கவே மாட்டார், ஆளைப் பார்த்தாலே அளவு சொல்லிவிடுவார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், ஒரு ஜாக்கெட்டுக்கு இரண்டு கையையும் வலது கையாகவே வெட்டி வைத்திருந்தார். எல்லோரும் சிரித்தோம், அத்தையும் சிரித்தார். அப்புறம் அது அடிக்கடி நடந்தது. பட்டன் டப்பாவை அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு நாள் முழுக்கத் தேடினார். நூல்கண்டு வாங்கப் போனவர், வீட்டுக்குத் திரும்ப வழி தெரியாமல் பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்திருந்தார். அப்போது அவருக்கு வயது 52.

டாக்டர்கள் முதலில் ரத்தம் எடுத்து பி12 வைட்டமின் குறைவா, தைராய்டு கோளாறா என்று பார்த்தார்கள். அப்புறம் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். இது முக்கியம், ஏன்னா இந்த மாதிரி காரணங்களால் வரும் மறதியைப் பல சமயம் சரி செய்துவிட முடியும். அத்தைக்கு அது எதுவும் இல்லை. கடைசியில் நரம்பியல் டாக்டர் சொன்னது, 'இளவயது அல்சைமர்'.

அதற்கப்புறம்தான் ஒரு நோட்டீஸ் வந்தது. சொந்தக்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். வழவழன்னு கலர் அச்சு. 'தொப்புள்கொடி ஸ்டெம் செல் ஊசி, மறதி நோய்க்குப் புது வாழ்வு, நான்கு தவணை' என்று போட்டிருந்தது. ஒரு தவணைக்கே ஒன்றரை லட்சம். மாமா தன் பங்குக்கு வந்த நாற்பது சென்ட் நிலத்தை விற்க ஆள் பார்க்க ஆரம்பித்துவிட்டார். என்னைக் கூப்பிட்டு, "நீதானம்மா பயாலஜி படிக்கிற, இந்த ஸ்டெம் செல்னா என்ன, இது பலிக்குமா?" என்று கேட்டார். எனக்குப் பாடப் புத்தகத்தில் இருந்த ரெண்டு வரிக்கு மேல் தெரியவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. உயிரியல் டீச்சரிடம் கேட்டும், அவங்க கொடுத்ததைப் படித்தும் தெரிந்துகொண்டதுதான் இந்தக் கட்டுரை. மாமாகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன்.

முதலில் நோயைப் பார்ப்போம்

மறதி நோய் என்றால் தாத்தா பாட்டிக்கு வருவது என்றுதான் நாம நினைக்கிறோம். 65 வயதுக்கு முன்னால் தொடங்கினால் அதை இளவயது மறதி நோய் என்கிறார்கள். உலகத்தில் முதன்முதலாக எழுதி வைக்கப்பட்ட அல்சைமர் நோயாளியே 51 வயதுக்காரர்தான் தெரியுமா? பெயர் அகுஸ்டே டேட்டர். ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்து மனநல மருத்துவமனையில் 1901இல் சேர்த்தார்கள். அவரைப் பார்த்த டாக்டர்தான் அலோயிஸ் அல்சைமர். பெயரை எழுதச் சொன்னால், 'திருமதி' என்று எழுதிவிட்டு அடுத்து என்ன எழுத வேண்டும் என்பதை அந்த அம்மா மறந்துவிடுவாராம். 1906இல் அவர் இறந்தபின் அல்சைமர் அவருடைய மூளையை வாங்கி, மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தார். நரம்பு செல்களுக்கு வெளியே திட்டுத்திட்டாகப் படிவுகள், செல்களுக்கு உள்ளே முறுக்கிக்கொண்ட நார்கள். வெளியே இருப்பது அமைலாய்டு பீட்டா என்ற புரதம். உள்ளே இருப்பது டௌ என்ற புரதம். இந்த இரண்டு பெயரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும். அந்த அம்மாவின் கேஸ் ஃபைல் ரொம்ப வருஷம் காணாமல் கிடந்து, 1995இல் பிராங்க்பர்ட்டிலேயே கிடைத்தது.

இளவயதில் வருபவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு இது பரம்பரையாக வருகிறது. அதற்குக் காரணமான ஜீன்கள் மூன்று. 21ஆம் குரோமோசோமில் ஏ.பி.பி., 14ஆம் குரோமோசோமில் பிரிசெனிலின் 1, முதல் குரோமோசோமில் பிரிசெனிலின் 2. மெண்டல் பாடத்தில் படித்த ஓங்கு பண்பு மாதிரிதான். அப்பா அம்மாவில் ஒருவருக்கு இந்தக் கோளாறான ஜீன் இருந்தால் பிள்ளைக்கு வர 50 சதவீதம் வாய்ப்பு.

தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டு அந்தியோக்கியா மலைப் பகுதியில் இப்படி ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது. பிரிசெனிலின் 1 ஜீனில் ஒரே ஒரு எழுத்து மாற்றம். அதைச் சுமப்பவர்களுக்குச் சுமார் 44 வயதில் மறதி தொடங்கி, சுமார் 49 வயதில் முழு நோயாகிறது. பிரான்சிஸ்கோ லொபெரா என்ற டாக்டர் 1980களில் இருந்து 2024இல் இறக்கும் வரை அந்தக் குடும்பங்களோடே இருந்தார். அமைலாய்டைத் தடுக்கும் ஒரு மருந்தை அங்கே 252 பேரிடம் வருடக்கணக்காகச் சோதித்தார்கள். 2022இல் முடிவு வந்தது, குறிப்பிடும்படி பலன் இல்லை. ஆனால் அதே குடும்பத்தில் ஒரு பெண்மணி, கோளாறான ஜீன் இருந்தும், எழுபது வயது வரை மறதி இல்லாமல் இருந்தார்! வேறொரு ஜீனில் இருந்த அபூர்வமான மாற்றம் அவரைக் காப்பாற்றியிருக்கலாம் என்று 2019இல் எழுதினார்கள். அவரை வைத்து இப்போதும் ஆராய்ச்சி நடக்கிறது.

இதைப் படித்த அன்றைக்கே அத்தை மகள் என்னிடம், "அப்போ எனக்கும் வருமாடி?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லாமல் டீச்சரிடம் ஓடினேன். இளவயதில் வருபவர்களிலும் பெரும்பாலானோருக்கு இந்த மூன்று ஜீனும் நன்றாகத்தான் இருக்கும். எங்கள் தாத்தாவும் பாட்டியும் எண்பது தாண்டி, யார் யார் எவ்வளவு கடன் பாக்கி என்பது வரை ஞாபகம் வைத்திருந்தவர்கள். டாக்டரும் குடும்ப விவரம் எல்லாம் கேட்டுவிட்டு, பரம்பரை என்று நினைக்க இப்போது காரணம் இல்லை என்றார். அத்தை மகள் அன்று ராத்திரிதான் சரியாகச் சாப்பிட்டாள்.

ஸ்டெம் செல் என்றால்?

நம் உடம்பில் ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு வேலை. தோல் செல் தோல்தான், தசை செல் தசைதான். இன்னும் வேலைக்குப் போகாத செல்தான் ஸ்டெம் செல். பாடப் புத்தகத்தில் 'குருத்தணு' என்று அழகான பெயர் இருக்கிறது. வாழைக்குருத்து மாதிரி! அது தன்னைப் போலவே இன்னொன்றையும் உண்டாக்கும், வேறு செல்லாகவும் மாறும்.

1961இல் கனடாவின் டொரன்டோ நகரில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லக் என்ற இருவர், கதிர்வீச்சால் மஜ்ஜை அழிந்த எலிகளுக்கு வேறு எலியின் மஜ்ஜையைச் செலுத்தினார்கள். மண்ணீரலில் சின்னச் சின்ன மேடுகள் முளைத்தன. ஒவ்வொரு மேடும் ஒரே செல்லில் இருந்து வந்தது என்று பிற்பாடு காட்டினார்கள். ரத்தப் புற்றுநோய்க்கு இன்று செய்யும் மஜ்ஜை மாற்றுக்கு அடிப்படை இந்த மாதிரி செல்தான். அந்தச் சிகிச்சையை வளர்த்த டொனால் தாமஸுக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது. அதனால 'ஸ்டெம் செல் சிகிச்சையே ஏமாற்று' என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. ரத்த நோய்களுக்கு அது உண்மையான சிகிச்சை.

1998இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவில் இருந்து ஸ்டெம் செல்லைப் பிரித்து வளர்த்தார். கருவை அழிக்கலாமா என்று பெரிய சண்டை வந்தது. அந்தச் சண்டைக்கு ஒரு மாற்று வழி காட்டியவர் ஜப்பானின் ஷின்யா யாமனாகா. எலும்பு ஆபரேஷன் டாக்டருக்குப் படித்தவர், ஆனால் கை மெதுவாம். கூட இருந்தவர்கள் 'ஜாமனாகா', அதாவது இடைஞ்சல் பேர்வழி, என்று கேலி செய்தார்களாம்! அவர் ஆராய்ச்சிக்கு வந்து, நான்கே நான்கு ஜீன்களைச் செலுத்தி, வேலையில் இருக்கும் தோல் செல்லைத் திரும்பக் குருத்தாக்கிக் காட்டினார். 2006இல் எலியில், 2007இல் மனிதரில். 2012இல் நோபல். இந்தச் செல்லுக்குப் பெயர் ஐ.பி.எஸ். செல். (போலீஸ் ஐ.பி.எஸ். இல்லை!)

அப்படியென்றால் மூளைக்கும் போட வேண்டியதுதானே?

நானும் இதைத்தான் கேட்டேன். டீச்சர் கரும்பலகையில் மூளையை வரைந்து காட்டினாங்க.

மஜ்ஜை மாற்றில் புதுச் செல்லை ரத்தக் குழாயில் விட்டால் போதும். அது தானே மஜ்ஜைக்குப் போய்ச் சேர்ந்து வேலையை ஆரம்பித்துவிடும். பார்க்கின்சன் என்ற நடுக்க நோயில் முக்கியமாக அழிவது டோபமின் சுரக்கும் ஒரு வகை செல். அதைப் பதிய வைக்க வேண்டிய இடமும் தெரியும். அதனால் அங்கே முயற்சி முன்னேறியிருக்கிறது. 2025 ஏப்ரலில் இரண்டு சோதனைகளின் முடிவு வந்தது. கியோட்டோவில் 7 பேர், அமெரிக்காவிலும் கனடாவிலும் சேர்த்து 12 பேர். வைத்த செல்கள் உயிரோடு இருந்து டோபமின் சுரந்தன, பெரிய ஆபத்து எதுவும் வரவில்லை. சின்னச் சோதனைதான், ஆனால் நல்ல ஆரம்பம்.

அல்சைமர் அப்படி இல்லை. நம் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள். ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான செல்களோடு சினாப்ஸ் என்ற இணைப்பு வைத்திருக்கிறது. நாம் கற்றது எல்லாம் இந்த இணைப்புகளில்தான் பதிந்திருக்கிறது. அல்சைமரில் ஹிப்போகாம்பஸை ஒட்டிய பகுதியில் தொடங்கி, பல இடங்களில், பல வகைச் செல்கள் அழிகின்றன. அத்தையின் தறிச்சேலை ஒன்று பூச்சி அரித்துப் போய்விட்டது என்று வையுங்கள். புது நூல் எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கித் தரலாம். ஆனால் அந்தப் பூவும் கரையும் எப்படி ஓடியது என்பது நூலுக்குத் தெரியாதே! புதுச் செல் உயிரோடு ஒட்டிக்கொண்டாலும், அத்தைக்குத் தெரிந்த அத்தனை ஜாக்கெட் அளவும் அதற்குள் இருக்காது.

அடுத்த சிக்கல், நிலமே கெட்டுக் கிடக்கிறது. அமைலாய்டும் டௌவும் பரவிக்கொண்டே இருக்கும் மூளையில் புதுச் செல்லை வைப்பது, உவர் நிலத்தில் நாற்று நடுவது மாதிரி. இது வெறும் பயம் இல்லை. முன்பு பார்க்கின்சன் நோயாளிகள் சிலருக்குக் கருவின் செல்லைப் பதித்திருந்தார்கள். பத்து வருஷத்துக்கும் மேல் கழித்து அவர்கள் இறந்தபின் பார்த்தால், பதித்த செல்கள் சிலவற்றிலும் அந்த நோயின் அடையாளம் வந்திருந்தது. 2008இல் இதை வெளியிட்டார்கள்.

பரம்பரை அல்சைமர் என்றால் இன்னொரு சங்கடமும் உண்டு. நோயாளியின் தோலில் இருந்தே ஐ.பி.எஸ். செல் எடுத்து நரம்பு செல்லாக்கினால், அதிலும் அதே கோளாறான ஜீன்தானே இருக்கும்? முதலில் ஜீனைத் திருத்த வேண்டும்.

சரி, நோட்டீஸில் போட்டிருந்த தொப்புள்கொடி ஊசி? அதில் பெரும்பாலும் இருப்பது மீசென்கைமல் செல் என்ற வகை. அது எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு ஆகிய வழியில் போகும் செல். ரத்தக் குழாயில் போட்டால் பெரும்பகுதி நுரையீரலிலேயே சிக்கிக்கொள்கிறது. மூளைக்குள் போய் நரம்பு செல்லாக மாறிவிடும் என்று நினைப்பது தவறு. ஆராய்ச்சியாளர்கள் எதிர்பார்ப்பதும் அதை இல்லை. அது சுரக்கும் பொருள்கள் மூளையின் அழற்சியைக் குறைத்து, இருக்கும் செல்லைக் கொஞ்ச நாள் காப்பாற்றுமா என்றுதான் பார்க்கிறார்கள்.

பார்த்ததில் என்ன கிடைத்தது? தென் கொரியாவில் 9 அல்சைமர் நோயாளிகளுக்கு ஆபரேஷன் செய்து மூளைக்குள்ளேயே தொப்புள்கொடி ரத்தத்தின் செல்லை வைத்தார்கள். 2015இல் முடிவு வெளியானது. பெரிய ஆபத்து இல்லை, ஆனால் மறதி வளர்வதும் குறையவில்லை. அமெரிக்காவில் லேசான அல்சைமர் உள்ள 49 பேருக்கு, வேறொருவர் கொடுத்த மஜ்ஜை செல்லைச் சிலருக்கும் வெறும் திரவத்தைச் சிலருக்கும், யாருக்கு எது என்று சொல்லாமல் ஏற்றினார்கள். 2025இல் முடிவு வந்தது. பாதுகாப்பாக இருந்தது, செல் பெற்றவர்களுக்கு மூளை சுருங்கும் வேகம் குறைந்த மாதிரி தெரிந்தது. இன்னும் நிறைய பேரை வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும். இதுதான் இன்றைய நிலைமை. 'புது வாழ்வு' என்று கலரில் அச்சடிக்கிற அளவுக்கு எதுவும் இல்லை.

"பலிக்கலைன்னாலும் கெடுதல் இல்லையே?" என்று மாமா கேட்டார்

இருக்கிறது. அமெரிக்காவின் புளோரிடாவில் ஒரு கிளினிக்கில், பார்வை மங்கிய மூன்று வயதான பெண்கள் ஆளுக்கு 5,000 டாலர் கட்டினார்கள். அவர்களுடைய கொழுப்பில் இருந்தே செல் எடுத்து, ஒரே நாளில் இரண்டு கண்ணிலும் ஊசி போட்டார்கள். இருந்த பார்வையும் போய்விட்டது. 2017இல் மருத்துவ இதழில் வெளியான செய்தி இது. அதற்கு முந்தைய வருஷம் வெளியானது இன்னொன்று. பக்கவாதம் வந்த ஓர் அமெரிக்கர் வெவ்வேறு நாட்டுக்குப் போய் முதுகுத் தண்டில் ஸ்டெம் செல் போட்டுக்கொண்டார். அங்கே கட்டி வளர்ந்தது. கட்டியின் செல்லைச் சோதித்தால் அது அவருடையதே இல்லை, யாரோ ஒருவருடைய செல்! பெருகும் சக்திதான் ஸ்டெம் செல்லின் பலம், அடங்காமல் பெருகினால் அதுவே கட்டி.

நம் நாட்டில் இதற்கு விதியும் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட வழிகாட்டு நெறியின்படி, ரத்தம் சார்ந்த நோய்களுக்குச் செய்யும் ஸ்டெம் செல் மாற்று போன்ற ஏற்கப்பட்டவை தவிர, மற்றதெல்லாம் அனுமதி பெற்ற சோதனையாக மட்டுமே நடக்க வேண்டும். சோதனை என்றால் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் பதிவு எண் இருக்கும். 2009 ஜூனில் இருந்து அந்தப் பதிவு கட்டாயம். சோதனையில் சேருபவரிடம் அந்தச் சிகிச்சைக்குக் காசு வாங்கக் கூடாது.

டீச்சர் சொன்னபடி மாமா நோட்டீஸில் இருந்த நம்பருக்குப் போன் போட்டார். நான் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இது சோதனையா, சிகிச்சையாங்க?"

"சிகிச்சைதான் சார். நிறைய பேருக்கு நல்ல ரிசல்ட்."

"பதிவு எண் ஏதாவது இருக்குங்களா?"

"நீங்க முதல்ல பேஷண்ட்டக் கூட்டிட்டு நேர்ல வாங்க சார், டாக்டர் எல்லாம் விளக்குவாரு."

மூன்று தடவை கேட்டார், மூன்று தடவையும் அதே பதில். மாமா போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. நோட்டீஸை மடித்து மடித்துச் சின்னதாக்கிக் கையிலேயே வைத்திருந்தார். எனக்கு அப்போது, சரியான பதிலைக் கண்டுபிடித்த சந்தோஷம் கொஞ்சம்கூட இல்லை. அந்த நோட்டீஸ்தான் நாலு மாசமாக அவர் பிடித்துக்கொண்டிருந்த கொம்பு.

ஆனால் ஸ்டெம் செல் கதை அங்கே முடியவில்லை

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். ஊசியாக இல்லாமல், சோதனைக்கூடத்தில் ஒரு கண்ணாடித் தட்டில் ஸ்டெம் செல் இப்போதே வேலை செய்கிறது. உயிரோடு இருக்கும் நோயாளியின் மூளையை வெட்டிப் பார்க்க முடியாது. அல்சைமர் டாக்டரே ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது நோயாளியின் தோல் செல்லையோ ரத்தத்தையோ எடுத்து, யாமனாகா முறையில் குருத்தாக்கி, அதை நரம்பு செல்லாக வளர்த்தால், அந்த நோயாளியின் ஜீனோடு நரம்பு செல் தட்டிலேயே கிடைத்துவிடுகிறது! 2014இல் பாஸ்டன் நகரில் ருடால்ஃப் டான்சி, டூ யோன் கிம் குழுவினர், பரம்பரை அல்சைமரின் ஜீன் மாற்றத்தை மனித நரம்பு ஸ்டெம் செல்களுக்குள் வைத்து, ஜெல்லில் வளர்த்தார்கள். 1906இல் நுண்ணோக்கியில் தெரிந்த அமைலாய்டு படிவு, டௌ சிக்கல் இரண்டுமே அந்த ஜெல்லில் உருவாயின.

கியோட்டோவில் ஹருஹிசா இனோவே குழு இன்னும் ஒரு படி போனது. நோயாளிகளின் ஐ.பி.எஸ். செல்லில் இருந்து வளர்த்த நரம்பு செல்கள் மேல், ஏற்கெனவே கடையில் இருக்கும் பழைய மருந்துகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். அமைலாய்டைக் குறைத்த மருந்துகளில் ஒன்று புரோமோகிரிப்டின். பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் பழைய மருந்து! 2017இல் இதை வெளியிட்டார்கள். 2020இல், பிரிசெனிலின் 1 கோளாறால் இளவயது அல்சைமர் வந்தவர்களிடம் அதைச் சோதிக்க ஆரம்பித்தார்கள். பலிக்குமோ பலிக்காதோ, நோயாளியின் தலையில் ஊசி குத்தாமல் முதலில் தட்டில் பார்த்துவிட்டு வருகிற வழி இது.

இதற்கு நடுவில் வேறு மருந்துகளும் வந்திருக்கின்றன. அமைலாய்டை அகற்றும் லெகனமாப் 2023இலும், டொனனமாப் 2024இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. ஆரம்ப நிலையில் கொடுத்தால் நோயின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், நிறுத்தாது. சிலருக்கு மூளையில் வீக்கமோ ரத்தக் கசிவோ வரலாம் என்பதால் அடிக்கடி ஸ்கேன் எடுக்க வேண்டும். அத்தைக்கு இப்போது டோனெபெசில் மாத்திரை கொடுக்கிறார்கள். அது நோயைத் தடுக்காது, ஞாபகத்துக்குக் கொஞ்சம் கைகொடுக்கும்.

நிலத்தை விற்கவில்லை. அதில் இந்த வருஷம் உளுந்து போட்டிருக்கிறார்கள். வீட்டுக் கதவுகளில் எல்லாம் நானும் அத்தை மகளும் பெரிய எழுத்தில் 'குளியலறை', 'அடுப்படி' என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். அத்தை கழுத்துச் செயினோடு மாமாவின் போன் நம்பர் எழுதிய ஒரு அட்டையும் தொங்குகிறது. கைப்பழக்கத்தின் ஞாபகம் மற்ற ஞாபகங்களை விடக் கொஞ்சம் தாமதமாகத்தான் போகுமாம். வெட்டுவதற்கு இப்போது கத்தரிக்கோல் கொடுப்பதில்லை. ஆனால் ஊசியில் நூல் கோத்துக் கையில் கொடுத்து, பட்டனை இடத்தில் வைத்துக் காட்டினால், அத்தை தைத்துவிடுகிறார். என் யூனிபார்ம் சட்டையின் மூன்றாவது பட்டன் போன வாரம் அவர் தைத்ததுதான். வேண்டுமென்றால் வந்து பாருங்கள், நூலே வெளியில் தெரியாது.

மாமா மாதம் ஒரு தடவை, "கியோட்டோல ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்கிறார். நான் தேடிப் பார்த்துச் சொல்கிறேன்.

(சந்தேகம் இருந்தால் சீட்டில் எழுதி, நூலக வாசலில் உள்ள கேள்விப் பெட்டியில் போடவும். டீச்சரிடம் கேட்டு அடுத்த இதழில் எழுதுகிறேன்.)